சாயங்காலமே கைக்கு வந்த யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு இதை எழுதுகிறேன். நீர்க்கடுப்பு என்று போன இடத்தில் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தால், அந்த ரிப்போர்ட்டில் சாம்பிள் வாங்கிய நேரத்தையும் ரிப்போர்ட் கொடுத்த நேரத்தையும் முதலில் பாருங்கள். காலையில் கொடுத்த சாம்பிளுக்கு அன்றைக்கே எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்ற பட்டியலோடு ரிப்போர்ட் வந்தால், அதை நம்பி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்கு நடந்தது கடலூரில். கிளினிக், லேப், மருந்துக்கடை மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் ஒரு கனம், போய்விட்டு வந்து உட்கார்ந்தால் உடனே மறுபடி போகவேண்டும் போல ஒரு உந்துதல். காய்ச்சல் இல்லை. ராத்திரித் தூக்கம் போய்விட்டது. டாக்டர் முதலில் நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். கேட்கவில்லை என்றதும் செஃபிக்சிம். அதற்கப்புறம் நைட்ரோஃபுரான்டாயின். அதுவரை ஒரு பரிசோதனைகூடக் கிடையாது. செஃபிக்சிம் 2014-லிருந்து ‘எச்1’ பட்டியலில் இருக்கும் மருந்து. யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்கவேண்டும். எனக்கு அதை அட்டையிலிருந்து கத்தரித்து, பில் இல்லாமல் கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

கடைசியாகத்தான் கல்ச்சர் எடுக்கச் சொன்னார்கள். லேபில் இருந்த பெண் மூடியில்லாத ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பை நீட்டி, “அக்கா, பாத்ரூம் அந்தப் பக்கம், புடிச்சிட்டு வந்துடுங்க” என்றது. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்ச்சருக்கு என்று சீல் வைத்த, கிருமி நீக்கிய டப்பா தரவேண்டும். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் தோலில் இருக்கும் கிருமியெல்லாம் சேர்ந்து ரிப்போர்ட்டில் வரும். அதோடு, நான் அப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டில் சாம்பிள் வாங்கிய நேரம் காலை 10:40, ரிப்போர்ட் நேரம் மாலை 5:20 என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். ஈ.கோலை கிருமி, மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல். கீழே மருந்துகள் வரிசையாக. நாங்கள் முன்பு கொடுத்த மாத்திரை எல்லாவற்றுக்கும் கிருமி பழகிவிட்டது, அமிகாசின் ஊசிதான் வழி என்றார்கள். மறுநாளே ஊசி ஆரம்பம். கூடவே கிரான்பெரி பாக்கெட்டும் ‘கிட்னியைச் சுத்தம் செய்யும்’ பொடியும்.

அமிகாசின் கெட்ட மருந்து என்று சொல்லவில்லை, தேவைப்பட்டவர்களுக்கு உயிர் காக்கும். ஆனால் அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. போடுவதற்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது சாதாரண நடைமுறை. எனக்குப் பார்க்கவே இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

எரிச்சல் அப்படியே இருந்ததால், நாத்தனார் வற்புறுத்தி என்னைப் பாண்டிச்சேரியில் ஒரு யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான டாக்டர்) அழைத்துப்போனார். அவர் நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த நேரத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். “தட்டுல கிருமி வளரவே ஒரு ராத்திரி ஆகும்மா. வளர்ந்ததை எடுத்து எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பார்க்க இன்னொரு நாள் வேணும். இது ஏழு மணி நேரத்துல எப்படி வந்துச்சு?” என்றார். கல்ச்சர் என்பது சிறுநீரைத் தட்டில் தடவி, சுமார் 37 டிகிரிச் சூட்டில் வைத்துக் காத்திருக்கும் வேலை. முழு ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் வருவது சாதாரண யூரின் டெஸ்ட். அதில் சீழ் அணுக்கள், ரத்தம், சர்க்கரை தெரியும். எந்தக் கிருமி என்று தெரியாது.

மருந்தை நிறுத்தி, இடைவெளி விட்டு, முறையாக எடுத்த கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை. அப்படியானால் வலி பொய்யா? இல்லை. இதைத்தான் அந்தக் கிளினிக்கில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கிருமியே இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் இப்படி வலியும் அடிக்கடி போகும் உந்துதலும் இருந்தால், அது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. வேறு காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே அந்த முடிவுக்கு வருவார்கள்: கல், சர்க்கரை, முழுதாக வெளியேறாமல் தங்கும் சிறுநீர், மாதவிடாய் நின்றவர்களுக்கு வரும் வறட்சி. சீழ் அணு இருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால் சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டுமாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அதையும் நீர்க்கடுப்பு என்றே நினைத்துக்கொள்கிறோம்.

எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததில்தான் காபி குடித்த பிறகும் புளிக்குழம்பு சாப்பிட்ட பிறகும் எரிச்சல் கூடுவது தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, அவரவர் எழுதித்தான் பார்க்கவேண்டும். இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். இரவுக்குக் குறைந்த அளவில் ஒரு மாத்திரை. முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் தூங்குகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்கம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது கர்ப்பமாக இருக்கும்போது கடுப்பு என்றால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உண்மையான தொற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் ஆரம்பிப்பதும் உண்டு, ஆனால் சாம்பிளை அதற்கு முன் எடுத்துவிடுவார்கள். பணம் ஒரு தடையென்றால் பாண்டிச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரியில் யூராலஜி பிரிவு இருக்கிறது. கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

புகார் விஷயம். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்திருந்தால், எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. வெளிநோயாளியாக இருந்தாலும் ஒரிஜினல் ரிப்போர்ட்டையும் பில்லையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கிளினிக்குகள் மீதான புகாரை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போடவேண்டும். என்ன செய்வது என்று கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

இணை இயக்குநருக்கு மனு கொடுத்துவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். கடலூரில் இப்படி ஒரே நாளில் கல்ச்சர் ரிப்போர்ட் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், வீட்டில் இருக்கும் பேப்பரை எடுத்து அந்த இரண்டு நேரத்தையும் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். அடுத்த மனுவில் சேர்த்துக் கொடுக்கலாம்.