செஸ்பேஸா, ஸ்கிட்டா, லிச்செஸ் ஸ்டடியா: 1600 ரேட்டிங்குக்கு எது போதும்?

டோர்னமெண்ட் ஹால் வாசல்ல பேரண்ட்ஸ் பேசிக்கறத கொஞ்ச நேரம் கேட்டீங்கன்னா இந்த பேச்சு வந்தே தீரும், செஸ்பேஸ் வாங்கியாச்சா, மெகா டேட்டாபேஸ் இருக்கான்னு. அது இல்லன்னா புள்ளைக்கு ரேட்டிங்கே ஏறாதுங்கற மாதிரி. செஸ்பேஸ் காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர், ஸ்கிட் ஃப்ரீ சாஃப்ட்வேர், லிச்செஸ் ஃப்ரீ வெப்சைட், அதுல ஆட்டத்த சேத்து வைக்கற இடம் தான் ஸ்டடி. செஸ் ஆட்டங்கள தேடவும் சேத்து வைக்கவும் இந்த மூணையும் நான் மாத்தி மாத்தி யூஸ் பண்ணவன், பட்டத சொல்றேன்.

மொதல்ல எஞ்சின், அதாவது நல்ல மூவ் எதுன்னு கணக்கு போட்டு சொல்ற புரோகிராம், அந்த கதைய முடிச்சிடுவோம். எத வாங்குனாலும் உள்ள ஓட்டப்போறது அனேகமா ஸ்டாக்ஃபிஷ் தான், அது ஃப்ரீ, எந்த சாஃப்ட்வேர்லயும் மாட்டிக்கலாம். அதனால "இதுல அனாலிசிஸ் ஸ்ட்ராங்கு"ன்னு யாராச்சும் வித்தா சிரிச்சிட்டு வந்துடுங்க. வித்தியாசம் எல்லாம் ஆட்டத்த எப்படி தேடறோம், எப்படி சேத்து வைக்கறோம்ங்கறதுல தான்.

செஸ்பேஸ் ஹாம்பர்க் கம்பெனி, 80கள்லேந்து இருக்கு, கிராண்ட்மாஸ்டருங்க கைல பெரும்பாலும் இதான். அவங்க விக்கற ஆட்டத் தொகுப்பு தான் மெகா டேட்டாபேஸ், அதுல ஒரு கோடிக்கு மேல ஆட்டம், அதுல ஒரு லட்சத்துக்கு மேல நோட்ஸோட இருக்கு, அந்த நோட்ஸுக்கு தான் உண்மைல காசு. ஒரு பொசிஷன வச்சிட்டு ரெஃபரன்ஸ் டேப்ப தட்டுனா இந்த இடத்துல யார் யார் என்ன ஆடிருக்காங்க, எது இப்ப ஃபேஷன்னு கொட்டிடும், எதிராளி பேர குடுத்தா அவன் கறுப்புல என்ன ஆடறான்னு மரம் மாதிரி விரிச்சு காட்டும். ஆசையா தான் இருக்கும். ஆனா யோசிச்சு பாருங்க, நம்ம ஓப்பன் டோர்னமெண்ட்ல நெட்ல ஏறறது பெரும்பாலும் மேல இருக்கற பத்து இருவது போர்டு ஆட்டம் மட்டும், 74ஆம் போர்டுல நீங்க ஆடுனது கார்பன் பேப்பர் ஸ்கோர்ஷீட்டோட முடிஞ்சுது. நைட்டு பேரிங் (நாளைக்கு யாரோட யாருன்னு லிஸ்ட்) வந்ததும் ஓடிப்போய் எதிராளி பேர போட்டா ஒண்ணுமே வராது, இல்லன்னா நாலு வருஷம் முன்னாடி அண்டர் 11ல அந்தப் பையன் தோத்த ஒரே ஒரு ஆட்டம் வரும். அதுக்கா இவ்ளோ காசு? ரேட்டிங் 2100 தாண்டி எதிராளிங்க ஆட்டம் டேட்டாபேஸ்ல கெடைக்க ஆரம்பிச்சா வாங்குங்க, அப்ப அது சோறு போடும். விண்டோஸ்ல தான் ஓடும்ங்கறதையும் மேக் வச்சிருக்கறவங்க காசு கட்டறதுக்கு முன்னாடி ஞாபகம் வச்சுக்கோங்க.

அதே எதிராளியோட லிச்செஸ் ஐடி தெரிஞ்சா, ஓப்பனிங் எக்ஸ்புளோரர்ல பிளேயர் டேப்ல அந்த ஐடிய போடுங்க, ஆன்லைன்ல ஆடுன பிளிட்ஸ் (சில நிமிஷ வேக ஆட்டம்) எல்லாம் மரமா வந்துடும், பைசா செலவில்ல. ஸ்டடில கோச்சும் புள்ளையும் ஒரே போர்ட ஒரே நேரத்துல பாத்துட்டு பேசலாம், இதுக்கு ஈடா வேற எதுவும் எனக்கு தெரியல. ஒரு ஸ்டடில 64 சாப்டர் தான், அதனால கரோ-கான் மாதிரி ஒரு ஓப்பனிங்குக்கு ஒண்ணு, சொந்த ஆட்டத்துக்கு வருஷத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கோங்க. ஆரம்பிக்கும்போதே பப்ளிக்கா இருக்கான்னு பாத்து மாத்திடுங்க, இல்லன்னா நீங்க தேடறமாதிரியே எதிராளியும் உங்கள தேடுவான்.

லிச்செஸ்ல முடியாதது ஒண்ணு இருக்கு. ரூக்கும் நாலு பான், எதிர்ல ரூக்கும் மூணு பான், எல்லாம் ஒரே பக்கம், இந்த மாதிரி எண்ட்கேம் மட்டும் முப்பது ஆட்டம் வேணும்னா எங்க போவீங்க? இங்க தான் ஸ்கிட். மெட்டீரியல் சர்ச்சுன்னு ஒண்ணு இருக்கு, காய் கணக்க குடுத்தா லட்சக்கணக்கான ஆட்டத்த சலிச்சு எடுத்துடும். செஸ்பேஸும் இத பண்ணும், இன்னும் அழகா பண்ணும், ஆனா இது இலவசம், லினக்ஸ் மேக்லயும் ஓடும். நான் வச்சிருக்கறது ஸ்கிட்லேந்து பிரிஞ்சு வந்த ஸ்கிட் வெர்சஸ் பிசிங்கற வெர்ஷன். பாக்க விண்டோஸ் 98 ஞாபகம் வரும், மொத வாரம் ஜன்னல் மேல ஜன்னலா தொறந்து வெறுப்பேத்தும், பொறுத்துக்கோங்க. ஆட்டத்துக்கு எங்க போறதுன்னா மார்க் கிரவுதர் 1994லேந்து நடத்தற த வீக் இன் செஸ்ங்கற வெப்சைட், வாராவாரம் பிஜிஎன் (எல்லா செஸ் சாஃப்ட்வேரும் படிக்கற ஆட்டக் குறிப்பு ஃபைல்) ஃப்ரீயா வரும், எறக்கி சேத்துக்க வேண்டியது தான். நம்ம ஊர் பேருங்க தான் படுத்தும், இனிஷியல் ஒரு ஃபைல்ல முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, ஒண்ணுல முழுப்பேரு, ஒரே ஆளு மூணு ஆளா நிப்பாரு. ஸ்கிட்ல பேர திருத்தற வசதி இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா சரியாயிடும்.

ஆன் குரோசான்னு புதுசா ஒண்ணும் ஃப்ரீயா இருக்கு, ஸ்கிட் மூஞ்சிய பாக்க முடியலன்னா அத போட்டு பாருங்க, நான் ரொம்ப நாள் ஓட்டல.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிடறேன். ஸ்கிட் டேட்டாபேஸ் பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் மூணு ஃபைல், செஸ்பேஸ்ல அதுக்கு மேல. நான் ஒண்ண மட்டும் பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டு பழைய லேப்டாப்ப ஃபார்மேட் போட்டவன், ரெண்டு வருஷ ஆட்டம் போச்சு. இப்ப மாசக் கடைசில எல்லாத்தையும் பிஜிஎன்னா மாத்தி மெயில்ல எனக்கே அனுப்பி வச்சுக்கறேன், அது எதுல போட்டாலும் தொறக்கும்.