பட்டறைக் கைக்கு ஒத்துப்போன சந்தைச் சோப்பு

கோவை கணபதியில் 22 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட், புஷ், கப்ளிங் கடைந்து கொடுப்பதுதான் தொழில். நாள் முழுக்கக் கூலன்டிலும் கிரீஸிலும் கிடக்கிற கை. சாயங்காலம் அதைக் கழுவ எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதையே நானும் செய்துகொண்டிருந்தேன். துணி சோப்புத் தூளோடு மரத்தூளைக் கலந்து பரபரவென்று தேய்ப்பது. அழுக்குப் போகும், கூடவே தோலும் போகும். மார்கழி, தையில் விரல் மடிப்பெல்லாம் வெடித்து, சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் சுரீரென்று எரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்காநல்லூர்ப் பக்கம் காய் வாங்கப் போன என் மனைவி, சந்தைக்கு வெளியே மேசை போட்டு விற்கிற ஒரு பெண்ணிடம் நான்கு கட்டி சோப்பு வாங்கி வந்தார். வீட்டிலேயே காய்ச்சுவதாம். அந்தச் சோப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்குச் சோப்பு வெட்டுகிற கட்டர் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன், கூலி வாங்கிக்கொண்டு. அந்த வேலைக்காக அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போனதில்தான் சோப்பு எப்படி உருவாகிறது என்று கண்ணால் பார்த்தேன். அறிமுகம் அவ்வளவுதான். இன்றைக்கும் சோப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன்.

கட்டர் வேலை வந்ததே ஒரு குறையால்தான். முதலில் வாங்கின நான்கில் மூன்றைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 96, 104, 113 கிராம். மூன்றிலும் ஒட்டியிருந்த காகிதத்தில் 100 கிராம் என்று இருந்தது. அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "கத்தியில வெட்டறேனுங்கண்ணா, கை ஒரு பக்கமா சாஞ்சுருது" என்றார். கம்பி வைத்து வெட்டினால் நேராக வரும் என்று நான் சொல்ல, நீங்களே செய்து தாருங்கள் என்றார். எவர்சில்வர் ஃபிரேமில் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பி இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். இப்போது எந்தக் கட்டியை எடுத்துப் போட்டாலும் இரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தொழிலில் நூலிழை அளவுக்குக் கணக்குப் பார்ப்போம். அதே கணக்கை ஒரு சமையலறையில் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம். சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து வேறொன்றாக மாறுவது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் காஸ்டிக் அளவு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற 183 கிராம் தேவை. நல்லெண்ணெய்க்கு 134 போதும், விளக்கெண்ணெய்க்கு 128. அவருடைய சாதா குளியல் சோப்பில் கிலோவுக்கு 600 கிராம் தேங்காய் எண்ணெய், 300 நல்லெண்ணெய், 100 விளக்கெண்ணெய். கணக்குப்படி 163 கிராம் காஸ்டிக் பிடிக்கும். அவர் போடுவது 155. அந்த ஐந்து சதவீதக் குறைவு வேண்டுமென்றே விடுவது. காஸ்டிக் ஒரு பொட்டுக்கூட மிஞ்சக் கூடாது, எண்ணெய்தான் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிற எண்ணெய் தோலுக்குப் போகும்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் காஸ்டிக் டப்பாவைத் திறக்கிறார். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறார். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எல்லாம் எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் ஒன்றுகூட அங்கே இல்லை. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பது பட்டறைக்காரனுக்குத் தெரிந்ததுதான். சூடு ஆறினதும் எண்ணெயில் ஊற்றி, கை பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுகிறார். சில நிமிடத்தில் தோசை மாவு மாதிரி கெட்டியாகிறது. கரண்டியில் எடுத்து மேலே விட்டால் விழுந்த கோடு கரையாமல் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். உடனே அச்சில் ஊற்றித் துண்டு போர்த்தி வைத்துவிடுகிறார்.

மறுநாள் வெட்டினாலும் விற்பதில்லை. ஆறு வாரம் மரத்தட்டில் அடுக்கிக் காற்றாட விடுகிறார். வெட்டின அன்று ஒரு கட்டியை நான் நிறுத்துப் பார்த்தபோது 112 கிராம். அதே கட்டி ஆறு வாரம் கழித்து 99. குறைந்ததெல்லாம் தண்ணீர். கட்டி இறுகிவிடுகிறது, குளிக்கும்போது சீக்கிரம் கரைவதில்லை. மேசைக்கு எடுத்துப் போகிறதற்கு முன் ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு கட்டியை நனைத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கிறார். சுருக்கென்றால் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம், அந்த ஈடு சந்தைக்கு வராது. காகிதத்தில் ஊற்றின தேதியைப் பேனாவில் எழுதுகிறார். நான் இவரிடமே வாங்குவதற்கு அந்தத் தேதிதான் காரணம். சந்தையில் இன்னொரு மேசையில் கண்ணாடி மாதிரி பளபளவென்று, உள்ளே ரோஜா இதழ் வைத்த சோப்பெல்லாம் இருக்கிறது. கடையில் கிளிசரின் கட்டி வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுவது, ஒரு மணி நேரத்தில் தயார். அதையும் வாங்கிப் பார்த்தேன், மோசமில்லை. ஆனால் அதைக் கையால் காய்ச்சின சோப்பு என்று சொல்லி அதே விலைக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி ஒவ்வொரு சோப்பாக.

எனக்கு உயிர் காபி சோப்பு. காய்ச்சி வடித்த காபித் தூளைக் காய வைத்து உள்ளே சேர்த்தது. கையில் வெங்காய வாடை போகத்தான் அதைச் செய்தாராம், நான் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இது முழுக்கத் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் அழுக்கு நன்றாகப் போகும், ஆனால் தோல் வறண்டுவிடும். அதனால் இதில் மட்டும் 20 சதவீத எண்ணெயை மிச்சம் விடுகிறார். எங்கள் பட்டறையில் போர் தண்ணீர், உப்பு. மற்ற சோப்பெல்லாம் அதில் திரிதிரியாகப் பிசுக்காகிவிடும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரிலேயே நுரைக்கும், எங்கள் போர் தண்ணீர் எம்மாத்திரம்? நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு இரண்டு தேய்ப்பில் போய்விடுகிறது. போன மார்கழியில் கை வெடிக்கவில்லை. என்னிடம் வேலை பார்க்கிற இரண்டு பையன்களும் மரத்தூளை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுவே போதும்.

சாதா குளியல் சோப்பு வீட்டில் சிறுவாணித் தண்ணீரில் பொங்கிக்கொண்டு நுரைக்கிறது. வாசனை எதுவும் சேர்க்காதது. பெரிய ஆலைகளில் சோப்பிலிருந்து கிளிசரினைப் பிரித்துத் தனியே விற்றுவிடுவார்கள், இதில் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. துடைத்த பிறகு தோல் இழுத்துப் பிடிக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குப்பைமேனி சோப்பு பச்சையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காஸ்டிக் பட்டால் இலைப் பச்சை பழுப்பாகிவிடும். பளிச்சென்று பச்சையாக இருந்தால் சாயம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பெரியம்மா வந்து, "ஏங்கண்ணு, பேரனுக்குச் சொறி, இதப் போட்டாப் போயிருமா?" என்று கேட்டார். இவர், "சோப்பு அழுக்கத்தானுங்க போக்கும், சொறிக்கு டாக்டர்கிட்டக் காட்டுங்கம்மா" என்று சொல்லி, கையில் எடுத்த கட்டியைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

நலங்கு மாவு சோப்பு என் மனைவிக்குப் பிடிக்கும். எனக்கு மாவு நறநறவென்று உடம்பில் உரசுகிறது, சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். ஆரஞ்சு சோப்பை வாங்காதீர்கள். வாங்கி வந்து ஒரு மாதம் வைத்திருந்து பிரித்தால் வாசனை ஓடிவிட்டிருந்தது. ஆரஞ்சு எண்ணெயின் வாசனை சோப்பில் நிற்காது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். பிறகு ஏன் போட வேண்டும்?

கெட்டுப்போனதும் உண்டு. போன வருடம் வாங்கி அலமாரியில் வைத்திருந்த இரண்டு கட்டியில் மூன்று மாதத்தில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்து, காறிப்போன எண்ணெய் வாடை அடித்தது. கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்தார், ஒரு கேள்வி கேட்காமல் இரண்டு புதுக் கட்டி கொடுத்தார். அந்த ஈட்டுக்கு வாங்கின நல்லெண்ணெய் பழசு என்று பிறகு கண்டுபிடித்திருக்கிறார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். பூஞ்சை இல்லை, காஸ்டிக் காற்றுப் பட்டுச் சோடா உப்பாக நிற்பது. சுரண்டிவிட்டால் போயிற்று.

பெரிய குறை ஒன்று பாக்கி இருக்கிறது. நம் நாட்டில் குளியல் சோப்பு தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிம எண், முகவரி எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். இவர் காகிதத்தில் பெயர், எடை, தேதி மட்டும்தான். கேட்டால், வீட்டுச் சமையலறைக்கு உரிமம் கிடைக்காது, தனி இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். பார்க்கட்டும், சீக்கிரம் பார்க்கட்டும். இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர் காகிதத்தில் கோட்டை விடக் கூடாது. என்னென்ன எண்ணெய் சேர்ந்தது என்று எழுதுவதற்கு உரிமம் தேவையில்லையே, அதை அடுத்த ஈட்டிலிருந்தே எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

விலை கட்டிக்கு 90 ரூபாய். முன்பு 75 இருந்தது. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறினபோது ஏற்றினார். கடைச் சோப்போடு பார்த்தால் கூடத்தான். ஆனால் என் கைக்கு ஒரு கட்டி ஐந்து வாரம் வருகிறது, அதுவும் துளை போட்ட டப்பாவில் வைத்தால். தண்ணீர் தேங்குகிற டப்பாவில் வைத்தால் பத்து நாளில் கூழாகிவிடும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மேசை போடுவார். ஒன்பதுக்குமேல் போனால் சாதா சோப்பும் நலங்கு மாவும் தீர்ந்திருக்கும். காபி சோப்பு மாதத்துக்கு 20 கட்டிதான் போடுகிறார், வேண்டுமென்றால் முந்தின வாரமே சொல்லி வையுங்கள்.