கடலூரிலிருந்து படித்த எக்ஸிமா கையேடுகள்

பிரிட்டனில் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நேஷனல் எக்ஸிமா சொசைட்டி என்னும் தொண்டு நிறுவனம், தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா என்னும் கரப்பான் நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இணையத்தில் இலவசக் கையேடுகளை வழங்குகிறது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் கண்டு, தூக்கத்திலும் சொறிந்துகொள்ளும் என் மகளுக்காக அவற்றைப் படிக்கத் தொடங்கினேன். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தந்தவர்கள் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை மருத்துவர்கள். அந்த மருந்தை வீட்டில் அன்றாடம் எப்படிப் பூசுவது என்பதைப் பொறுமையாகப் புரியவைத்தவை இந்தக் கையேடுகள்.

தோலின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு பற்றிய பகுதி மிகச் சிறப்பானது. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை பிதுக்கினால் வரும் களிம்பு ஏறத்தாழ அரை கிராம் என்றும், பெரியவரின் இரண்டு உள்ளங்கைகளை விரல்களோடு சேர்த்து வைத்தால் எவ்வளவு பரப்போ அவ்வளவு தோலுக்கு அது போதும் என்றும் விளக்குகிறார்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்துபோய்ப் பொட்டு வைப்பதுபோலத் தொட்டுத் தடவும் வீடுகள் இங்கே ஏராளம். மறுபுறம், 2018இல் மத்திய அரசு இக்களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்த பின்பும், எங்கள் பகுதி மருந்துக்கடை ஒன்றில் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்பை எந்தச் சீட்டும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். இந்த இரண்டு பிழைகளுக்கும் நடுவில் எங்களுக்குச் சரியான வழியைக் காட்டியது அந்த விரல்நுனிக் கணக்குதான்.

ஈரப்பசைக் களிம்பு பற்றிய குறிப்புகளும் அதே அளவு நுட்பமானவை. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும். தேய்க்காமல், முடி வளரும் திசையில் மெல்ல நீவிவிட வேண்டும். அதற்கும் ஸ்டீராய்டு களிம்புக்கும் இடையில் சிறிது நேரம் விட வேண்டும். களிம்பு ஊறிய துணியில் தீ எளிதில் பற்றிக்கொள்ளும் என்ற எச்சரிக்கை, கார்த்திகை தீபமும் தீபாவளி மத்தாப்பும் கொண்டாடும் நம் வீடுகளுக்கு மிகவும் தேவையானது. பாவாடையில் களிம்புப் பிசுக்கோடு குழந்தை விளக்கருகில் உட்காருவதை இப்போது நான் அனுமதிப்பதில்லை.

உணவைப் பொறுத்தவரை, மருத்துவர் ஆலோசனை இல்லாமல் குழந்தைக்கு எதையும் நிறுத்த வேண்டாம் என்கிறார்கள். உறவினர்கள் கரப்பான் பண்டம் என்று சொல்லி கத்தரிக்காய், கருவாடு, இறால் என ஒவ்வொன்றாக மகளின் தட்டிலிருந்து விலக்கிக்கொண்டே வந்த நேரத்தில், ஜிப்மரில் கேட்டு உறுதி செய்துகொண்டு அவற்றைத் திரும்பக் கொடுக்கத் துணிவு வந்தது.

குறைகளும் உண்டு. கையேடுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்கு நான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் வறளும் தோலை மனத்தில் கொண்டு எழுதிய அறிவுரை பலவற்றை, மே மாதத்தில் வியர்வை ஊறிக் கழுத்து மடிப்பு எரியும் கடலோர ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பகலில் கெட்டியான ஈரப்பசை ஆயின்மென்ட் பூசினால் வியர்வை அடங்கி அரிப்பு கூடுகிறது என்பதால், மருத்துவரைக் கேட்டு அதை இரவுக்கு மாற்றி, பகலுக்கு இலேசான கிரீம் வைத்துக்கொண்டோம். ஈரப்பசைக் களிம்பை வாரத்திற்கு நூற்றுக்கணக்கான கிராம் என்று தாராளமாகப் பூசச் சொல்வதும், கைக்காசு போட்டு வாங்கும் குடும்பத்திற்குச் சுமையே.

அவர்களுடைய உதவித் தொலைபேசி பிரிட்டனில் இருப்பவர்களுக்கானது. நமக்குப் பயன்படுவது கையேடுகள்தான். எக்ஸிமா உள்ள குழந்தையின் பெற்றோர் ஸ்டீராய்டு, ஈரப்பசைக் களிம்பு ஆகிய இரு தலைப்புகளையாவது அச்சிட்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கையில் கொண்டுபோய், தம் குழந்தைக்கு எத்தனை விரல்நுனி அளவு என்பதை அவரிடமே கேட்டு அந்தத் தாளில் தமிழில் குறித்துக்கொள்ளலாம்.