மொறிஸ் மைனருக்குள் நிசான் எஞ்சின்: ஏழு வருட ஓட்டம்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டு மொடல், 948 சிசி. 2019 தைப்பொங்கலுக்கு முதல் நாள் அது நிசான் ஏ12 எஞ்சினோடு கேற்றைத் தாண்டி வெளியே போனது. அன்றிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 38,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். (காரின் மீற்றர் மைலில் காட்டுகிறது. கியர்பொக்ஸ் மாறியதால் அதுவும் பொய். கணக்கு என் கொப்பியில் இருக்கிறது.) மாற்றிய புதிதில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். நல்ல காலம், அப்போது எழுதவில்லை.

எஞ்சினை ஏன் மாற்றினாய் என்று கேட்பவர்களுக்கு மண்ணெண்ணெயில் இருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றபோது அப்பா காரை மூடி வைக்கவில்லை. கார்பரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார். ஊரில் எல்லாரும் செய்ததுதான். ஒஸ்ரின் ஏ40 வைத்திருந்தவர்கள் அதில் ராசாக்கள். எங்கள் மைனரோ நாலு பேர் ஏறினால் கிணுகிணு என்று தட்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் படிந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணீராகும், பிஸ்ரன் ரிங் தேயும், போர் (சிலிண்டரின் துவாரம்) தேயும். கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி என்று அந்த எஞ்சின் அப்படியே இழுத்தது.

2016இல் அதைத் திறந்தபோது போர் ஏற்கெனவே நாற்பது (அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கில்) வரை பெருப்பிக்கப்பட்டிருந்தது. பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டான கிராங்கும் கடைசி அளவுக்குச் சாணை பிடித்தாயிற்று. ஸ்லீவ் அடிக்கலாம் (சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குவது), கிராங்கை இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கலாம். செலவைக் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தொட்டால் அலறும் ஒரு காருக்கு இவ்வளவா என்று தோன்றியது.

மைனருக்குள் ஏ12 போடுவது என் கண்டுபிடிப்பு இல்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்கூட இதைச் செய்கிறார்கள். சன்னி பி310, வனெற் சி120 என்று இந்தக் குடும்ப எஞ்சினோடு வந்த வாகனங்கள் இலங்கையில் நிறைய. அதனால் சாமானுக்கு அலையத் தேவையில்லை. 1171 சிசி, அலுமினிய ஹெட், கிராங்கைத் தாங்க ஐந்து மெயின் பெயரிங். மொறிஸ் எஞ்சினில் மெயின் பெயரிங் மூன்றுதான். 1950களில் நிசான் உரிமம் பெற்று ஜப்பானில் ஒஸ்ரின் கார்களைத் தயாரித்தது. ஏ12இன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் தள்ளுகம்பி, ரொக்கர் எல்லாவற்றிலும் அந்தச் சாயல் தெரியும். ஒன்றுவிட்ட தம்பியைக் கொண்டுவந்து இருத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வவுனியாவில் அடிபட்டுக் கிடந்த ஒரு சன்னியின் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் 95,000 ரூபாவுக்கு வாங்கினேன். அதுதான் மொத்தச் செலவில் கால்வாசி. மிச்சம் முக்கால்வாசியைப் பற்றி யாரும் எனக்கு முன்னரே சொல்லவில்லை. சொன்னார்கள், நான் கேட்கவில்லை என்பதுதான் சரி.

முற்றத்து மாமரத்தில் செயின் புளொக்கைக் கட்டலாம் என்றேன். கராஜ் அண்ணை மரத்தை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, மாங்கொப்பு சொல்லிப்போட்டு முறியாது. பனங்குத்தி மூண்டு கொண்டு வா” என்றார். அதை முக்காலி மாதிரிக் கட்டித்தான் எஞ்சினைத் தூக்கினோம். பழையதை இறக்க ஒரு மத்தியானம். புதியதை இருத்திப் பார்க்க ஒரு மாதம். மொறிஸில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் முன்தகட்டில் இருக்கும். நிசானுக்கு அவை இரண்டு விலாவிலும். மட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகரத்தில் வெட்டிப் பார்த்து, கடைசியாக 5 மில்லிமீற்றர் இரும்பில் மவுண்டுகளைச் செய்து சேசிஸ் காலில் வெல்ட் பிடித்தோம். கியர்பொக்ஸ் நீளம் என்பதால் நடுக் குறுக்குச்சட்டம் பின்னுக்குப் போனது. தரைமூடியை வெட்டினோம். கியர் தடி பழைய இடத்திலிருந்து நாலு விரல் பின்னால் வந்து நிற்கிறது. இன்றைக்கும் என் கை சிலவேளை வெறுங்காற்றைப் பிடிக்கும்.

இந்த வேலையில் நான் படித்த ஒரே நுணுக்கம் கோணம். எஞ்சின் ‘பொருந்திவிட்டது’ என்று சந்தோசப்பட்டு வெல்ட் பிடித்துவிடக் கூடாது. கியர்பொக்ஸின் பின்முகமும் பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிபரென்ஷலின் முகமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும். கார் தன் சக்கரத்தில், தன் பாரத்தில் நிற்கும்போது அதை அளக்க வேண்டும். நாங்கள் ஜக்கில் தூக்கி வைத்தபடி அளந்தோம். விளைவு, 65இல் ஆசனத்துக்கு அடியில் ஒரு அதிர்வு. முன்பாதி நிசான், பின்பாதி மொறிஸ் என்று ஒட்டிச் செய்த, இவை இரண்டையும் இணைக்கும் புரொப்பெலர் ஷாப்டைக் குறை சொல்லி இரண்டு தரம் பலன்ஸ் பண்ணினேன். குற்றம் அதில் இல்லை. மவுண்டை வெட்டி 8 மில்லிமீற்றர் பதித்த பிறகுதான் அடங்கியது.

மின்சாரத்தில் பெரிய பாடு இருக்கவில்லை. மொறிஸில் பற்றரியின் நேர்முனை காரின் உடலில் பூட்டப்பட்டிருக்கும். பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ட்டநேற்றர் போடுவதால் மறைமுனைக்கு மாற்றினோம். அறுபது வருடத் துணி வயர் கையில் உதிர்ந்ததால் முழுவதையும் புதிதாக இழுத்தேன். கிளச் பெடலைத்தான் மூன்று தரம் செய்தேன். அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

கடதாசி வேலையை அலட்சியம் பண்ண வேண்டாம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் மாற வேண்டும், அதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். விற்பவரிடம் பற்றுச்சீட்டும் பழைய வாகனத்தின் பத்திரப் பிரதியும் வாங்காமல் காசைக் கொடுத்துவிட்டு, பிறகு அவரைத் தேடி வவுனியாவுக்கு இரண்டு தரம் பஸ் ஏறியவன் நான்.

சரி, ஓட்டம் எப்படி? பழைய எஞ்சின் புத்தகக் கணக்கில் 37 குதிரைவலு. ஏ12 அறுபதைத் தாண்டும். எழுநூற்றைம்பது கிலோவை ஒட்டிய காருக்கு அது தாராளம். ஏ9 வீதியில் 80இல் போகும்போது நாலாவது கியரில் நிமிடத்துக்கு 3200 சுற்று, ஐந்தில் 2700க்குள் இறங்கிவிடும். முன்பு ஆனையிறவு தாண்டுவதற்குள் காது அடைக்கும். இப்போது பின்னால் இருக்கும் அம்மாவோடு கதைத்துக்கொண்டு போகலாம். லீற்றருக்கு ஊருக்குள் 11, நெடுந்தூரத்தில் 14. புது எஞ்சின் பாரம் குறைவு, அதனால் மூக்கு ஒரு விரல் உயர்ந்தது. முன்பக்க ஸ்பிறிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரைக் கழற்றி ஒரு பல் மாற்றிப் பூட்டியதும் சரியானது. ஸ்டியரிங் முந்தியதைவிட இலேசு.

இனி வருவதுதான் கொப்பியின் அழுக்கான பக்கங்கள்.

இரண்டாவது வருடம் ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போனது. பிழை முழுக்க என்னுடையது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதைத்தான் நாற்பது வருடமாக மொறிஸின் றேடியேற்றருக்குள் ஊற்றினோம். முழு இரும்பு எஞ்சின், பொறுத்துக்கொண்டது. அலுமினிய ஹெட் பொறுக்கவில்லை. கழற்றியபோது தண்ணீர்த் துவாரங்களின் விளிம்பு கரையான் தின்ற பலகை மாதிரி இருந்தது. வெல்ட் நிரப்பி, முகம் சீவி, றேடியேற்றரின் நடுப்பாகத்தை மாற்றி, மின்விசிறியும் போட்டேன். அன்றிலிருந்து வடித்த நீரும் கூலன்றும் மட்டும்தான். பிறகு கோடை வெயிலில் நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஒரு மணித்தியாலம் நின்றபோதும் முள் பாதியைத் தாண்டவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வருடம் மாங்குளத்துக்குக் கிட்ட வலது பின் சக்கரத்தைச் சுழற்றும் அக்சில் ஷாப்ட் முறிந்தது. ஒரு லொறியை முந்த மூன்றாம் கியரில் மிதித்தேன். ‘டக்’ என்ற சத்தம், எஞ்சின் மட்டும் கத்துகிறது, கார் போகவில்லை. மைனரின் பின் அச்சு சிறிய எஞ்சினுக்காகச் செய்தது. இழுவை கூடினால் முதலில் உடைவது அந்த ஷாப்டுதான், மைனர்காரர் எல்லாருக்கும் தெரிந்த விசயம். நல்லவேளை, அது முறிந்தாலும் சக்கரம் கழன்று போகாது. பாரத்தைத் தாங்குவது வெளிக்குழாய். உள்ளே மாட்டிய துண்டை எடுக்க டிபரென்ஷலையே கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது ஒரு ஷாப்ட் பழைய சாக்கில் சுற்றி டிக்கிக்குள் கிடக்கிறது. மூன்றாம் கியரில் மிதிப்பதையும் குறைத்துவிட்டேன்.

பிறேக்கைப் பற்றி வெட்கத்தோடு எழுதுகிறேன். எஞ்சின் மாற்றி ஒரு வருடத்துக்குமேல் பழைய 7 அங்குல டிரம்மோடுதான் ஓடினேன். பிறேக் ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கும். மழை வெள்ளமும் புழுதியும் நேரே அதற்குத்தான். ஒரே சுற்று வேறு. ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் போச்சு. கொடிகாமம் சந்தைக்கு முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. கார் நின்றது, நின்ற இடத்துக்கும் சைக்கிளுக்கும் இடையில் ஒரு சாண். அன்று பின்னேரமே காரை ஜக்கில் ஏற்றினேன். 1098 மொடலின் 8 அங்குல முன் டிரம், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் சேவோ, இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. வேகத்தைக் கூட்ட முதல் நிறுத்தும் வழியைப் பார் என்று கராஜ் அண்ணை தொடக்கத்திலேயே சொன்னார். அவரிடம் இன்னும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தக் காரின் மதிப்பு எனக்கே விளங்காமல் போனது. முன்பு சிரித்தவர்கள் விலை கேட்டு வந்தார்கள். 2022இல் பெற்றோல் வரிசை. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எனக்கு அது மிஞ்சியது. அந்த நாட்களில் அப்பா வாசலில் கதிரை போட்டிருந்து, “பழைய எஞ்சின் எண்டால் மண்ணெண்ணெயிலை ஓடியிருக்கும்” என்று இரண்டு நாளுக்கு ஒருக்கால் சொல்லுவார். மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை அப்பா என்று சொன்னால் கேட்கமாட்டார்.

அவர் புது எஞ்சினோடு காரை ஓடியது ஒரே ஒரு தரம். ஒழுங்கை முனை வரை போய்த் திரும்பி வந்தார். திறப்பைத் தந்துவிட்டு, “நல்லா இழுக்குது. ஆனால் சத்தம் வேறை ஆற்றையோ வீட்டுக் கார் மாதிரி” என்றார். அது உண்மை. கண்ணை மூடினால் சன்னிதான். வேகத்தைக் குறைக்கும்போது மைனரின் புகைக்குழாய் விடும் அந்தக் கொறுகொறுப்பு எந்த சைலன்சர் மாற்றியும் வரவில்லை. நானும் மூன்று மாற்றிப் பார்த்தேன்.

பழைய 948ஐ விற்கவில்லை. ஒயில் பூசி, சாக்கால் மூடி, கொட்டிலுக்குள் மரக்குத்தியில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஸ்லீவ் அடிக்க என்ன எடுப்பீர்கள் என்று போன மாதம் லேத்காரரிடம் சும்மா விசாரித்தேன். அவர் சொன்ன தொகை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.