ஷட்டருக்கு அடியில் புகும் மழைத்தண்ணீர்: ரப்பரா, மேடா, சல்லடைக் கால்வாயா?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டை 1994இல் கட்டியபோது, கார் ஷெட்டின் தரை தெருவைவிட ஓரடி உயரத்தில் இருந்ததாம். இன்று அரையடிப் பள்ளத்தில் இருக்கிறது. வீடு இறங்கவில்லை, பழைய தாரைச் சுரண்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தெரு ஏறிவிட்டது. சுரண்டிய பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். எங்கள் தெருவுக்கு அது வெள்ளம் வந்தபின் போட்ட அணை. ஐப்பசி பிறந்தால் கேட்டிலிருந்து இறங்கும் சிமென்ட் சரிவில் தண்ணீர் ஓடிவந்து, ஷட்டருக்கு அடியில் நுழைந்து, உள்ளே இருக்கும் மர அலமாரியின் காலை நனைக்கும். மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன். மூன்றாவதில் நிற்கிறேன்.

முதலில் ரப்பர். ஷட்டரின் அடிப்பட்டையில் திருகி மாட்டும் நீளப் பட்டை. ஆயிரத்து இருநூறு ரூபாய், அரைமணி வேலை. தரை ரசமட்டம் வைத்தாற்போல் இருந்தால் சாரலையும் தூசியையும் நன்றாகத் தடுக்கும். எங்கள் தரையில் நடுவே கால் அங்குலப் பள்ளம். தண்ணீருக்கு அது போதும். போதாக்குறைக்கு, சுருள் ஷட்டரின் இரு முனைகளும் ஓடும் பக்கச் சட்டத்துக்குள் ரப்பர் போகாது. அந்த மூலைகள் வழியாகத் தண்ணீர் தாராளமாக வரும். மறு கோடைக்குள் வெயிலில் பாதி விறைத்தது, மீதியை எலி கவனித்துக்கொண்டது. தரையில் பசை வைத்து ஒட்டும் பட்டையும் கடைகளில் கிடைக்கிறது. அதை நான் போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்தது மேடு. ஷட்டரின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கான்கிரீட் வரம்பு. பழைய தரையை நன்றாகக் கொத்திவிட்டு, சிமென்ட் பால் ஊற்றிப் போட்டால்தான் பிடிக்கும். வழவழப்பான தரைமேல் அப்படியே பூசினால் ஒரே வருடத்தில் ஓடு போலப் பெயரும். மேடு போட்டபின் ஷட்டர் முழுதாக இறங்காது, பூட்டும் கொக்கியையும் மறுபடி பதிக்க வேண்டும் என்பதைக் கொத்தனார் வேலை முடிந்த பிறகுதான் சொன்னார். காருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஸ்கூட்டரைத் தள்ளும் அம்மாவுக்குத்தான் தினமும் வசைபாட ஒரு காரணம் கிடைத்தது.

மேடு தண்ணீரைத் தடுத்தது என்னவோ உண்மை. தடுக்கப்பட்ட தண்ணீர் எங்கே போகும் என்று நான்தான் யோசிக்கவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் சரிவு 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 750 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு இது அதிசயமில்லை. அத்தனையும் மேட்டுக்கு வெளியே குளமாகத் தேங்கி, பக்கத்துச் சுவரில் ஏறி, உள்பூச்சை ஊறவைத்துவிட்டது. அலமாரி தப்பித்தது, சுவர் மாட்டிக்கொண்டது.

2024 கோடையில் மேட்டை உடைத்துவிட்டு, ஷட்டருக்கு வெளியே குறுக்காகச் சல்லடைக் கால்வாய் வெட்டினேன். ஆறு அங்குல அகலம். ஒரு முனையில் நான்கு அங்குல ஆழம், மறுமுனையில் ஐந்தேகால். அதாவது பத்தடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம். வாட்டம் குறைந்தால் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்கும். மேலே துத்தநாகம் பூசிய இரும்புச் சல்லடை. ஓரத்தில் மூன்றடி விட்டம், நான்கடி ஆழத்தில் ஓர் உறைத்தொட்டி. அதிலிருந்து தெரு மழைநீர் வடிகாலுக்கு ஏற்றிவிட, மிதவைச் சுவிட்சுடன் ஒரு சிறிய பம்பு. எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தொட்டது. ரப்பரோடு ஒப்பிட்டால் கண்ணைக் கட்டும் தொகைதான்.

கிணற்றுக்கே விட்டுவிடலாமே என்று பலரும் கேட்டார்கள். மொட்டைமாடித் தண்ணீர் ஏற்கெனவே அங்கேதான் போகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் கார் நிற்கும் இடத்துத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்திருக்கும். அதை நாம் குடிக்கும் கிணற்றில் கலக்க மனம் வரவில்லை.

இந்தக் கால்வாய் உழைப்பதும் படுப்பதும் சுத்தம் செய்வதைப் பொறுத்தது. ரப்பரை மாட்டிவிட்டு மறந்துவிடலாம், மேட்டையும் மறந்துவிடலாம். கால்வாயை மறந்தால் அது வெறும் பள்ளம். எங்கள் வாசலில் வேம்பும் பூவரசும் இருக்கின்றன. ஒரே வாரச் சருகு சல்லடையை மூடிவிடும். தண்ணீர் அதன்மேல் பாலம் போட்டதுபோல் நடந்து ஷட்டருக்குள் போகும். இதை முதல் மழையிலேயே பார்த்தேன். இலையாவது கண்ணில் படும். தெருவிலிருந்து வரும் வண்டல் அடியில் படிந்து, வெயிலில் காய்ந்து, செங்கல்லாக இறுகிக்கொள்ளும்.

அதனால் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை வற்புறுத்துவேன்: சல்லடை எளிதில் கழற்ற வருவதாக இருக்கட்டும். திருடு போகாமலிருக்க ஒரே நீளமாகப் பற்றவைத்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். கேட்டுக்கு உள்ளே இருக்கும் சல்லடையை யார் எடுப்பார்கள்? மூன்று துண்டாகப் போடச் சொன்னேன். ஒவ்வொன்றையும் ஒரே ஆள் தூக்கலாம். தூக்க இரண்டு ஆள் வேண்டுமென்றால் யாரும் தூக்கமாட்டார்கள். கால்வாயின் அடிப்பகுதியைச் சதுரமாக விடாமல் அரைவட்டமாகப் பூசச் சொன்னேன். கொஞ்சத் தண்ணீரே வண்டலைத் தள்ளிக்கொண்டு போகிறது. தொட்டிக்குப் போகும் குழாய்க்கு முன்னால், குழாய்மட்டத்துக்கு ஓரடி கீழே இறங்கும் சிறு வண்டல்குழி இருக்கிறது. மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் தென்னந்துடைப்பம், பழைய கரணை, ஒரு வாளி. இருபது நிமிடம். வருடத்தின் மற்ற மாதங்களில் எப்போதாவது ஒருமுறை போதும். அந்த இருபது நிமிடத்துக்கு ஆளில்லாத வீட்டில், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், நான் மேட்டையே சொல்வேன். சுவரோரம் தண்ணீர் வெளியேற ஒரு வழி வைத்துக்கொண்டு.

2024 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில் ஷெட்டின் தரை காய்ந்தே இருந்தது. ஆனால் தெருவே குளமாகிவிட்டால் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்றதுபோல் முழங்கால் தண்ணீர் நின்றால் வடிகாலும் நிறைந்திருக்கும், பம்பு எங்கே தள்ளும்? அந்நேரம் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவார்கள். பம்பு ஓடாவிட்டால் என் தொட்டி தாங்குவது ஏறக்குறைய 800 லிட்டர், அதாவது மேலே சொன்ன மழையில் ஒரு மணி நேரம். அப்படி ஒரு நாளை இந்தக் கால்வாய் இன்னும் சந்திக்கவில்லை. அலமாரியின் காலுக்கு அடியில் வைத்த நான்கு செங்கற்களை நான் இன்னும் எடுக்கவில்லை.