மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொன்ன முகவர்: அப்பாவின் மருத்துவக் காப்பீடு, ஐந்தரை ஆண்டு அனுபவம்

என் அப்பாவுக்கு இதுவரை இரண்டு பேர் மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். 2018-இல் வந்தவர் இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார். 2020-இல் வந்தவர் மூன்று முறை வீட்டுக்கு வந்த பிறகுதான் படிவத்தையே கையில் எடுத்தார்.

அப்பா மதுரையில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் முகவர் குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்பதால் எதையும் கேட்காமல் நம்பினோம். "சர்க்கரை இருப்பதாக எழுதினால் பிரீமியம் ஏறும், சில ஆண்டுகள் அந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் போடுவார்கள், விட்டுவிடுங்கள்" என்றார். தன் கமிஷனில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அப்படித் தருவதை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடை செய்கிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. நிரப்பாத படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

மறு ஆண்டு அப்பாவின் காலில் வந்த புண் சீழ் பிடித்து, பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். செலவைத் தரக் கேட்டு நாங்கள் அனுப்பிய கிளைம் நிராகரிக்கப்பட்டது. நிறுவனம் அனுப்பிய படிவ நகலில் "நீரிழிவு நோய் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது, கீழே அப்பாவின் கையெழுத்து. பாலிசியும் ரத்தானது. அம்மாவின் வளையல்களை அடகு வைத்து 1,86,000 ரூபாய் கட்டினோம். முகவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை. பணம் போனதைவிட, அப்பா "நான் பொய் சொன்னதாக ஆகிவிட்டதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இரண்டாவது முகவர் ஒரு பெண்மணி. அக்கா என்றே அழைக்கிறோம். வந்த முதல் நாள் எந்தத் திட்டத்தையும் அவர் விளக்கவில்லை. "ஐயா, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் கொண்டுவாருங்கள்" என்றார். அப்பா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொட்டினார். அக்கா ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் திருப்பி, பெயரைப் படித்து, எதற்கு, எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதிக்கொண்டார். மை மங்கிய ஒரு சீட்டில் 2011 என்று தேதி இருந்தது. "சர்க்கரை தொடங்கியது இந்த ஆண்டுதானே? அப்படியே எழுதுவோம். பழைய பாலிசி ரத்தானதையும் எழுத வேண்டும், அதற்கும் படிவத்தில் கேள்வி இருக்கிறது" என்றார்.

தன் நிலையையும் மறைக்கவில்லை. "நான் முகவர், இரண்டு நிறுவனங்களின் பாலிசிகளைத்தான் தர முடியும். என்னிடம் இல்லாத நல்ல திட்டம் வெளியே இருக்கலாம். பல நிறுவனத் திட்டங்களை ஒப்பிட வேண்டுமானால் உரிமம் பெற்ற ஒரு புரோக்கரிடமும் கேளுங்கள், தம்பி" என்றார். விற்க வந்தவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பாதகங்களைத்தான் அவர் நிறுத்தி விளக்கினார். சர்க்கரைக்கும் அதன் விளைவுகளுக்கும் மூன்று ஆண்டு காத்திருப்பு. எந்தக் கிளைமிலும் 20 சதவீதம் நம் கைப்பணம். அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. இந்தக் கடைசி விஷயத்தைத் தாளில் கணக்குப் போட்டே காட்டினார். 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் வாடகையில் மட்டும் 3,000 ரூபாய் குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படியல்ல. மருத்துவர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம் போன்றவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். அந்தத் தாளை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். 2024 ஆகஸ்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது, பதற்றத்திலும் 5,000 ரூபாய்க்குள் அறை கேட்டது அம்மாதான்.

அந்தச் சேர்க்கையில்தான் அக்காவின் அருமை தெரிந்தது. எத்தனை ஆண்டாகச் சர்க்கரை என்று இரவுப் பணி மருத்துவர் கேட்க, அம்மா பயத்தில் "இருபது இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அது நோயாளிக் குறிப்பில் ஏறிவிட்டது. காலையில் வந்த அக்கா கோப்பைப் பார்த்ததும் முகம் மாறினார். படிவத்தில் 2011, இங்கே இருபது ஆண்டு என்றால் மறைத்ததாகக் கேள்வி வரும். நல்லவேளையாக 2011 சீட்டு கையில் இருந்தது. மருத்துவரிடம் காட்டினோம், அவர் பார்த்துத் திருத்திக் கையொப்பமிட்டார். நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் ஒப்புதல் தடையின்றி வந்தது. நாங்கள் கட்டியது 20 சதவீதப் பங்கும், பாலிசியில் அடங்காத சில்லறைச் செலவுகளும் மட்டுமே.

அதற்கு முன், 2021-இல் அப்பாவுக்குக் கண்புரை தெரிந்தபோது, அதற்கான இரண்டு ஆண்டுக் காத்திருப்பு முடியவில்லை என்பதை நினைவூட்டி, தள்ளிப்போடலாமா என்று கண் மருத்துவரிடம் கேட்கச் சொன்னதும் அவர்தான்.

குறை இல்லாமல் இல்லை. 2023 புதுப்பிப்பில் பிரீமியம் எகிறியதை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. 45 நாள் முன்பே தெரிந்திருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது பற்றி யோசித்திருக்கலாம். நேராகவே கேட்டேன், தவறு என்று ஒப்புக்கொண்டார். அதிலிருந்து இரண்டு மாதம் முன்பே அழைக்கிறார். 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்ததையும், செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி நீங்கியதையும் அவர் அழைத்துச் சொல்லித்தான் அறிந்தேன்.

என் அத்தை வீட்டில் பாலிசி கேட்டபோது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார் அக்கா. அதில் அக்காவுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

அக்காவுக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சென்ற புதுப்பிப்பின்போது, "நான் இல்லாவிட்டாலும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அப்பாவின் கோப்பின் உள்அட்டையில் தன் கையால் எழுதிக் கொடுத்தார்: பாலிசி எண், கிளைம் பிரிவின் எண், நிறுவனத்தின் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல், அங்கே ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் கட்டணமில்லாமல் முறையிடச் சென்னைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் முகவரி. அதன் கீழே அப்பா தன் பங்குக்கு, "சர்க்கரை 2011 முதல்" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார்.