ஹாலோத்தேன் முதல் டெஸ்ஃப்ளுரேன் வரை: ஆபரேஷன் தியேட்டரில் பழகிப் பார்த்தவை

சென்னையில் மயக்க மருந்து கொடுப்பதுதான் என் தொழில். படிக்கும் காலத்தில் சிவப்பு நிற ஹாலோத்தேன் வேப்பரைசரில் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) ஆரம்பித்தேன். அப்புறம் ஊதா ஐசோஃப்ளுரேன், மஞ்சள் சீவோஃப்ளுரேன், நீல டெஸ்ஃப்ளுரேன் என எல்லாவற்றோடும் வேலை பார்த்தாயிற்று. இன்று என் கை முதலில் போவது மஞ்சளுக்குத்தான்.

மூச்சு வழியாகப் போகும் மருந்து ரத்தத்தில் எவ்வளவு கரைகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். குறைவாகக் கரைந்தால் மூளையில் சீக்கிரம் வேலை செய்யும், நிறுத்தினால் சீக்கிரம் வெளியேறும். ரத்தத்துக்கும் வாயுவுக்குமான இந்த விகிதம் ஹாலோத்தேனுக்குச் சுமார் 2.4, ஐசோஃப்ளுரேனுக்கு 1.4, சீவோஃப்ளுரேனுக்கு 0.65, டெஸ்ஃப்ளுரேனுக்கு 0.42. ஹாலோத்தேன் நாட்களில் தையல் போட்டு முடித்த பிறகும் நோயாளி கண் திறக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்போம். போதாக்குறைக்கு அதில் சுமார் 20 சதவீதம் உடலிலேயே சிதையும். அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

சீவோஃப்ளுரேனின் அருமை குழந்தைகளிடம்தான் தெரியும். ஐசோவும் டெஸ்ஸும் தொண்டையை உறுத்தும். இருமல் வரும், குரல்வளை இறுகிக்கொள்ளும். சீவோ உறுத்தாது. ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளையிடம் மாஸ்க்கைக் காட்டி, "பலூன் ஊது கண்ணா" என்பேன். பை விரிந்து சுருங்கும். கொஞ்ச நேரத்தில் கண்கள் அங்கும் இங்கும் அலையும், கால் உதைக்கும், மூச்சு தாறுமாறாகும். அந்த இடைவெளியில் யாரையும் பிள்ளையைத் தொட விடமாட்டேன். மூச்சு சீராகி, கருவிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் கையில் ஊசி ஏற்றுவோம்.

ஒரு குறை உண்டு. விழிக்கும்போது சில பிள்ளைகள் அம்மாவைக்கூட அடையாளம் தெரியாமல் கத்தி அழும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அது வலியா, இந்தக் குழப்பமா என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். வலிக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். "எழுந்ததும் அழுவான், பயப்படாதீங்கம்மா" என்று தாயிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாது.

டெஸ்ஃப்ளுரேன் விழிக்க வைப்பதில் கெட்டிக்கார மருந்து. உடல் பருமன் அதிகமானவர்களுக்கு நீண்ட ஆபரேஷன் என்றால் அது பலன் தரும். ஆனால் அதன் கொதிநிலை 22.8 டிகிரி. நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் எந்த மாதமும் கொதித்துவிடும். அதனால் சூடேற்றி அழுத்தத்தில் வைக்கும் தனி வேப்பரைசர் தேவை. கரண்ட் போனால் அது மருந்தைத் தராது. வெளியேறும் வாயு நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 2,500 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஸ்காட்லாந்து 2023-லேயே அதை நிறுத்திவிட்டது. மிகவும் தேவைப்படுபவருக்குத் தவிர நானும் எடுப்பதில்லை.

ஐசோஃப்ளுரேனைப் பழசு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மெதுவாகத்தான் விழிப்பார்கள், சரி. ஆனால் விலை குறைவு, உடலில் சிதைவது 0.2 சதவீதம்தான். பல மணி நேரம் ஓடும் ஆபரேஷனில், முடிந்ததும் உடனே விழிக்க வேண்டியதில்லை என்றால், வாயு ஓட்டத்தைக் குறைத்து அதையே தாராளமாக ஓட்டலாம். ஓட்டத்தைக் குறைத்தால், நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிறத்தின் மீது ஒரு கண் இருக்க வேண்டும். ஊதாவாக மாறிவந்தால் மாற்றியாக வேண்டும்.

டயலை எங்கே வைப்பது என்பதை வயது முடிவு செய்யும். தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமலிருக்கத் தேவையான அளவு, நாற்பது வயதுக்காரருக்குச் சீவோ என்றால் மூச்சு வாயுவில் சுமார் 2 சதவீதம். அதற்குப் பிறகு பத்து வயதுக்குச் சுமார் 6 சதவீதம் என்ற கணக்கில் இந்தத் தேவை குறையும். எண்பது வயதுப் பெரியவருக்கு இளைஞர் அளவை வைத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது திடீரென்று உடல் சூடு ஏறி, தசை விறைத்து ஆபத்தானதாகக் கேள்விப்பட்டிருந்தால், எங்களிடம் தவறாமல் சொல்லுங்கள். இந்த நான்குமே அதைத் தூண்டக்கூடியவை. முன்பே தெரிந்தால் இவற்றைத் தொடாமல் நரம்பு வழியாகவே மயக்கம் கொடுத்துவிடுவோம்.